சூடான பிறகு செல்ஃப் எடுக்காத பெட்ரோல் கார்: குறை எங்கே என்று கண்டறிய உதவி தேவை

சத்துவாச்சாரி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். என்னுடையது எட்டு ஆண்டுகள் ஓடிய, கையால் கியர் மாற்றும் பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பியதும் தயங்காமல் கிளம்பிவிடுகிறது. ஆனால் ஆம்பூரில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், பள்ளிகொண்டா அருகே பெட்ரோல் போடுவதற்காக எஞ்ஜினை அணைத்தால் மறுபடியும் செல்ஃப் எடுப்பதில்லை. பானட்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு முறை ‘டக்’ என்ற ஒலி வருகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் விளக்குகள் மங்குவதில்லை, ஹாரனும் நன்றாகவே ஒலிக்கிறது. பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பணிமனையில் சொன்னபடி பேட்டரியை மாற்றியும் பலனில்லை. இப்போது செல்ஃப் மோட்டாரை முழுவதுமாக மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன், குறை உண்மையிலேயே அதில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

காட்பாடி வாசகர்:
என் காரிலும் கோடைக்காலத்தில் இதே தொல்லை இருந்தது. காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை மாற்றிய பிறகு சரியாகிவிட்டது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
காட்பாடி அண்ணா சொல்வது வேறு வகைக் குறை. செல்ஃப் சுற்றியும் எஞ்ஜின் பிடிக்காவிட்டால் பெட்ரோல் பம்ப், பிளக், சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இங்கே செல்ஃப் சுற்றவே இல்லை என்பதால், பேட்டரியிலிருந்து மோட்டார் வரை செல்லும் மின்பாதையை மட்டும் பார்த்தால் போதும்.

ஐயா, விளக்குகள் மங்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது மிக முக்கியமான தகவல். பேட்டரி தளர்ந்திருந்தாலோ, மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து மோட்டார் உள்ளே இறுகியிருந்தாலோ, சாவியைத் திருப்பிய கணத்தில் விளக்குகள் நன்றாக மங்கும்; பேட்டரி மிகவும் இறங்கியிருந்தால் ‘டக் டக் டக்’ என்று தொடர் ஒலியும் கேட்கும். உங்கள் காரில் விளக்குகள் அப்படியே எரிகின்றன என்றால், மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் பாய வேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது என்று பொருள். ஆகவே பேட்டரியை மாற்றியதால் பலன் கிடைக்காததில் வியப்பில்லை.

காரைப் பணிமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சூடு தணிந்துவிடும், அங்கே எல்லாம் சரியாகவே தெரியும். எனவே வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரைக் காரிலேயே வைத்துக்கொண்டு, குறை வெளிப்படும் இடத்திலேயே அளவெடுக்க வேண்டும். பெட்ரோல் போடும் இடத்திலிருந்து காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகே பானட்டைத் திறக்கவும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியைத் திருப்ப ஒருவரை உட்காரச் செய்யுங்கள். செல்ஃப் மோட்டாருடன் இணைந்திருக்கும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டின் மீது பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளுக்கு ஒரு போல்ட்டும், மோட்டாருக்குள் இறங்கும் இணைப்புக்கு இன்னொரு போல்ட்டும், சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயருக்கு ஒரு முனையும் இருக்கும். எஞ்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் சூடான குழாயின் பக்கம் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெல்லிய ஒயரின் முனைக்கும் எஞ்ஜின் உடலுக்கும் இடையே அளக்கவும். சாவி திருப்பப்பட்டிருக்கும்போது அங்கே பேட்டரி அளவைவிட ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால், சாவி சுவிட்ச், ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்றில்தான் குறை. அது சரியாக இருந்தால் இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே அளக்கவும். சாவியைத் திருப்பும் முன் மீட்டர் பேட்டரி அளவையே காட்டும். ‘டக்’ என்றதும் அது பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இரண்டு போல்ட்டுகளையும் இணைக்க சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தட்டு ஒட்டவில்லை. இறங்கியும் மோட்டார் சுற்றாவிட்டால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் அல்லது சுழலும் பாகமான ஆர்மேச்சர் கெட்டிருக்கும்.

குடியாத்தம் வாசகர்:
எஞ்ஜினுக்கும் பாடிக்கும் இடையே, மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்ப உதவும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தாலும் இப்படி ஆகலாமே? அதை யாரும் சொல்லவில்லையே.

ராணிப்பேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
ஆகலாம், தம்பி. ஆனால் அதைத் தனியாகக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்ஜின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது ஒருமுறையும், மாலையில் ‘டக்’ என்று நிற்கும்போது ஒருமுறையும் பார்க்க வேண்டும். சுற்றும்போது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. மாலையில் மட்டும் அளந்தால் போதாது. மின்சாரமே பாயாதபோது கெட்ட எர்த்தும் பூஜ்யத்தையே காட்டும்.

சத்துவாச்சாரி வாசகர்:
மிக்க நன்றி. காலையில் எர்த் அளவு 0.1 வோல்ட்டாக இருந்தது. மாலையில் குறை வந்த இடத்திலேயே அளந்தேன்: பேட்டரியில் 12.5, மெல்லிய ஒயரின் முனையில் 11.9, எர்த்தில் பூஜ்யம். இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே ‘டக்’ என்ற பிறகும் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. அப்படியென்றால் தட்டுதானா? சூடானால் மட்டும் ஏன் ஒட்ட மறுக்கிறது?

ராணிப்பேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
தட்டுதான், ஐயா. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் சிறு தீப்பொறி எழுந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகித் தேயும். தேய்ந்த தட்டு ஒட்டுவதற்கு, சோலனாய்டின் செம்புக் கம்பிச் சுருளான காயில் கூடுதல் விசையுடன் இழுக்க வேண்டும். ஆனால் செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. எஞ்ஜினை அணைத்ததும் ரேடியேட்டர் வழியாக வந்த காற்று நின்று, சைலன்சர் குழாயின் சூடு அருகிலுள்ள சோலனாய்டில் ஏறுவதால், காயிலில் பாயும் மின்சாரம் குறைந்து, இழுவிசையும் குறைந்துபோகிறது. மே மாத வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். முழு மோட்டார் தேவையில்லை. உங்கள் மாடலுக்குச் சோலனாய்டு சுவிட்ச் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றினாலே போதும். கழற்றும்போது பிரஷ், புஷ் இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுவது கட்டாயம்.

சத்துவாச்சாரி வாசகர்:
சோலனாய்டை மட்டும் மாற்றியாயிற்று. பழையதைப் பிரித்துக் காட்டினார்கள். தட்டின் ஒரு ஓரம் கருகிக் குழிந்திருந்தது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் நன்றாகச் சூடேறிய பிறகு அணைத்துப் பார்த்தேன், உடனே ஸ்டார்ட் ஆனது. முதலில் கழற்றிய பழைய பேட்டரி வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை என்ன செய்வது?

ராணிப்பேட்டை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:
முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் நின்று, அதிக மின்சாரம் இழுத்துப் பார்க்கும் லோடு சோதனையிலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் அது இன்னும் உழைக்கும். பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள்.