காரின் ஸ்டியரிங் ராடை (வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டு) வீட்டிலேயே கழற்றி மாட்டியவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாப்பேட்டை பத்மினி:
அப்பாவின் பத்மினி கார், ஸ்டியரிங்கிலேயே கியர் உள்ள மாடல். ஆட்டம் தாங்காமல் போர்ட்டிகோவில் வைத்தே பிரித்தோம். ராடின் மேல் முனையைத் தாங்கும் வளையமான புஷ் தூளாக உதிர்ந்தது, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லேத்தில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினேன். அதுவரை சரி. ராடின் கீழ் முனையில் உள்ள ஸ்டியரிங் பாக்ஸை டைட் வைக்க மட்டும் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம், "துளிகூட ஆட்டம் இல்ல பாருங்க தம்பி" என்று ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு ஏற்காடு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுசாக ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினேன், ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரணுமா இல்லையா? வரவில்லை. ஒடித்த இடத்திலேயே நிற்கிறது, எதிரே பஸ் ஏறி வருகிறது. இரண்டு கையாலும் இழுத்து நேராக்கினேன். அந்த டிரைவர் திட்டவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை, பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கொண்டலாம்பட்டி அம்பாசடர்:
மெக்கானிக்கை மட்டும் சொல்லாதீங்க தம்பி. பத்மினி பாக்ஸில் இருப்பது வார்மும் (மரை மாதிரி வெட்டிய தண்டு) அதில் கவ்வி ஓடும் ரோலரும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுது, அதனால் வார்ம் நடுவில்தான் தேயும், ஓரம் புதுசு மாதிரியே இருக்கும். நடுவில் ஆட்டம் போகிற வரைக்கும் டைட் வைக்கிற ஸ்குரூவை இறக்கினால் ஓரத்தில் கவ்வத்தான் செய்யும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் லாக் நட்டை இறுக்கணும். எங்கேயாவது பிடித்தால் கொஞ்சம் ஆட்டத்தோடு விட்டுடுங்க, இல்லையென்றால் வார்மையே மாற்றுங்க. பாக்ஸில் 90 கியர் ஆயில் இருக்கா? முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் போகலைன்னாலும் ஸ்டியரிங் திரும்பி வராது, பாக்ஸைத் தொடும் முன் அதைப் பார்த்திருக்கணும். அப்புறம் ஸ்டியரிங் வீலைக் கழற்ற, இழுத்து எடுக்கிற புல்லர்தான், சுத்தியால் தட்டினால் மரை போயிடும். கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுத்துடுங்க. என் மச்சான் எடுக்காமல் ஹாரன் பட்டனை நெம்பினான், ஒயர் பாடியில் பட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவே எழுந்து வந்தது. நம்ம கதை அவ்வளவுதான். அம்பாசடருக்கு ராக் அண்ட் பினியன், அதாவது பல்சக்கரம் நேரான பல்தண்டைத் தள்ளுற ஏற்பாடு, இந்தப் பாக்ஸ் தொல்லையே கிடையாது.

மலைமேல் ஹெரால்டு:
ராடைப் பற்றிக் கேட்டவருக்குப் பாக்ஸ் பாடம், நல்லா இருக்குங்க அண்ணே. ராக் தேய்ந்தால் என்ன செலவு என்று சொல்லவே இல்லையே. எங்கள் ஹெரால்டு காருக்கும் ராக்தான், சுமார் 25 அடியில் வட்டமடிக்கும், ஏற்காட்டின் 20 வளைவும் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ராடு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று போகும், நடுவில் ஒரு கிளாம்ப்தான் பிடிப்பு. பழைய போல்ட்டில் மரை தேய்ந்திருந்தது யாருக்குத் தெரியும்? ஒண்டிக்கடை முக்கில் பிரேக் போட்டுக் கையை ஊன்றினேன், ஸ்டியரிங் என்னைவிட்டு ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. வண்டி திரும்பியது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பிடித்திருக்கும் பொருளே நழுவிப் போனால் வயிறு எப்படி இருக்கும்! பக்கத்தில் இருந்த அம்மா, "சீட் பின்னாடி போகுதா டா?" என்றார். ஆமாம் என்றேன்.

அம்மாப்பேட்டை பத்மினி:
அண்ணே, கிங்பின் போன வருஷம்தான் மாற்றியது, கிரீஸும் போகுது. ஜாக்கியில் தூக்கிப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு ஓரத்திலும் பிடிக்கிறது. வார்ம் செட் கோவை உக்கடத்தில் கிடைக்குமா?