டெண்டர்ல சிறு நிறுவனச் சலுகை: விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். திருநெல்வேலி பேட்டை பக்கம் சின்னதா இரும்பு பீரோ, ரேக் செய்யுற பட்டறை வச்சிருக்கேன். உத்யம் பதிவு (மத்திய அரசோட குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) இருக்கு. நம்ம மாவட்டத்துலயே உள்ள ஒரு மத்திய அரசு அலுவலகம் ஜெம் தளத்துல (அரசு அலுவலகங்க பொருள் வாங்குற இணையதளம்) ரேக்குக்கு டெண்டர் விட்டாங்க. வெளிமாநில கம்பெனி எல்-1, அதாவது இருக்கதுலயே குறைஞ்ச விலை போட்டவங்க. நம்ம விலை அவங்களைவிட 11 சதவீதம் கூட.

குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணைப்படி, எல்-1 குறு, சிறு நிறுவனமா இல்லாம, நம்ம விலை அவங்களைவிட 15 சதவீதத்துக்குள்ள கூட இருந்தா, அவங்க விலைக்கே இறங்கி வர நமக்கு வாய்ப்பு தரணும். அப்படி இறங்கி வந்தா, ஆர்டர்ல குறைஞ்சது 25 சதவீதமாவது நம்ம மாதிரி நிறுவனங்களுக்கு வரணும். ஆனா யாரும் கூப்பிடல. அந்த அலுவலகத்துல கேட்டா, "லோக்கல்னா இந்தியாவுல செஞ்சதுன்னு அர்த்தம், திருநெல்வேலின்னு இல்ல"ங்காங்க. லோக்கலுக்கு அந்த அர்த்தம் சொல்லுதது 2017 மேக் இன் இந்தியா ஆணை, சரிதான். நான் கேட்டது அதை இல்லையே, சிறு நிறுவனச் சலுகையைத்தானே! (வாங்கி விக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாதுன்னும் தெரியும். நாம சொந்தமா வெல்டிங் வச்சுச் செய்யுதோம்.)

எல்-1 கம்பெனி சிறு நிறுவனமா இல்லையான்னு எப்படிப் பார்க்க? ஆர்டர் போடுமுன்ன யாருக்கு மனு எழுதணும்? சாம்பியன்ஸ் தளத்துல (சிறு நிறுவனங்க குறை சொல்லுத மத்திய அரசு இணையதளம்) புகார் போட்டு பலன் கண்டவங்க இருக்கீங்களா? மனு மாதிரி இருந்தா அனுப்புங்க, புண்ணியமா போகும்.