ஸ்காட்லாந்துக்கு இன்னொரு வாக்கெடுப்பு தேவையா?

குன்னூர்க்காரன்:
கிளாஸ்கோவில் படிக்கும் என் மகள், மறுபடி வாக்கெடுப்பு வேண்டும் என்று போனில் ஒரே வாதம். 2014-லேயே அங்கே 55 சதவீதம் பேர் பிரிட்டனிலிருந்து பிரிவினை வேண்டாம் என்று சொல்லியாச்சு. தோற்றவர்கள் கேட்கும்போதெல்லாம் நடத்திக்கொண்டே இருந்தால் இதற்கு முடிவு ஏது?

கோத்தகிரி அக்கா:
தம்பி, ஃபேக்டரிக்கு இலை போட்டுவிட்டு இப்போதுதான் பார்த்தேன். மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரிந்து போனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் போய்விடும் என்று சொல்லித்தானே அன்றைக்கு ஓட்டு கேட்டார்கள்? 2016-ல் ஒன்றியத்தில் இருப்பதா என்று பிரிட்டன் முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்திலேயே இருப்போம் என்றார்கள். அப்படியும் பிரிட்டனோடு சேர்ந்து வெளியே வர வேண்டியதாயிற்று. பேசின பேச்சு மாறினால் மறுபடி கேட்கத்தான் செய்வார்கள்.

ஊட்டி வக்கீல்:
நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இது: லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது. 2014-ல் நடந்ததும் லண்டன் தற்காலிகமாகக் கொடுத்த அதிகாரத்தில்தான். ஆனால் எப்போது சம்மதிக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எனக்கு இடிப்பதே அதுதான்.

குன்னூர்க்காரன்:
சரி சார், கதவு இருக்கிறது, சாவி லண்டனில். அப்படியே நடந்தாலும் மகளுக்கு ஓட்டு உண்டா?

ஊட்டி வக்கீல்:
2014-ல் அங்கே வசித்த காமன்வெல்த் நாட்டவருக்கும் உண்டு, 16 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. அடுத்த முறைக்கு அப்போது போடும் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.