ஏகே-47 பரவியது வடிவமைப்பாலா, வாரி வழங்கியதாலா?

மண்வெட்டி:
ஏகே-47 உலகெங்கும் போய்ச் சேர்ந்ததற்கு அதன் வடிவமைப்புதான் காரணம் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பரப்பியது சோவியத் அரசு. சீனாவுக்குத் துப்பாக்கியை மட்டுமா கொடுத்தார்கள்? செய்யும் முறையையே கொடுத்தார்கள். 1956 முதல் அங்கே ‘டைப் 56’ என்ற பெயரில் செய்து குவித்தார்கள். வாரிக் கொடுத்தால் எந்தப் பொருள்தான் பரவாது?

கடைசல்காரன்:
சும்மா கிடைத்தாலும் உதவாத பொருளை எவன் தூக்கிச் சுமப்பான்? உள்ளே பாருங்கள். தோட்டா வெடித்ததும் வாயுவில் ஒரு பங்கு குழலிலுள்ள துளை வழியே வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனும் அதோடு பிணைந்த கனமான பாகமும் ஒரே வீச்சில் பின்னோக்கி ஓடுகின்றன. அந்த வேகம், தோட்டா அறையை அடைத்து நிற்கும் போல்ட்டைத் திருகித் திறந்து காலி உறையை வெளியே எறிகிறது. பாகங்களுக்கிடையே தாராளமான இடைவெளி இருப்பதால் கரி படிந்தாலும் ஓட்டம் எளிதில் நிற்காது. குழலின் உட்புறத்தில் குரோமியப் பூச்சு வேறு. வியட்நாமில் அமெரிக்கரின் எம்-16 சிக்கிச் சிக்கி நின்ற கதை தெரியுமல்லவா?

மண்வெட்டி:
தெரியும். அது என் கட்சிக்கான சாட்சி. எம்-16இன் மூல வடிவமைப்பாளர் ஸ்டோனர் அதை வடிவமைத்தபோது இருந்த வெடிமருந்தை ராணுவம் பிறகு மாற்றியது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியம் பூசவில்லை. துடைக்கும் கருவிகள்கூடப் போதிய அளவில் போகவில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்து நிர்வாகத்தைத்தான் சாடியது. துப்பாக்கியின் பெயரைக் கெடுத்தது கோப்புகளில் கையெழுத்திட்டவர்கள்.

நடுப்பக்கம்:
இருவரும் மூலத்தை விட்டுவிட்டீர்களே. இரண்டாம் உலகப் போரில் வந்த ஜெர்மனியின் எஸ்டிஜி-44 துப்பாக்கியைப் பார்த்துச் செய்ததுதானே இது? அதன் வடிவமைப்பாளர் ஷ்மைசரை 1946இல், பிறகு ஏகே-47 தயாரான ரஷ்ய நகரமான இஷெவ்ஸ்குக்கே கொண்டுபோனார்கள். 2017இல் மாஸ்கோவில் ஏகே-47இன் வடிவமைப்பாளர் கலாஷ்னிகோவுக்குச் சிலை வைத்தபோது, பீடத்தில் தவறுதலாக ஜெர்மன் துப்பாக்கியின் படத்தைப் பொறித்துவிட்டுப் பிறகு வெட்டி எடுத்தார்கள்!

கடைசல்காரன்:
சிலைக்காரர் செய்த பிழை சிரிக்க உதவும், சான்றாகாது. நடுத்தர அளவுத் தோட்டா என்ற யோசனை இரண்டுக்கும் பொது, வெளித்தோற்றமும் ஒத்திருக்கிறது. ஆனால் ஜெர்மன் துப்பாக்கியில் போல்ட் சாய்ந்து பூட்டும், இதில் சுழன்று பூட்டும். பட்டறையில் நின்றவனுக்கு அது சின்ன வேறுபாடு இல்லை.

மண்வெட்டி அவர்களுக்கு ஒன்று. முதலில் தகட்டை அழுத்தி உடற்பகுதி செய்யப் பார்த்தார்கள். தேறாமல் ஒதுக்கப்பட்டவை மிகுந்ததால் இரும்புக் கட்டியைக் குடைந்து செய்யும் முறைக்குப் போனார்கள். 1959இல் ஏகேஎம் என்ற மேம்பட்ட வடிவம் வந்தபோதுதான் தகடு கைகூடியது. எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. மலிவாகவும் விரைவாகவும் செய்ய முடிந்தது இதனால்தான்.

மண்வெட்டி:
தகட்டுக்கு நன்றி. ஆனால் 1997இல் அல்பேனியாவில் அரசு நிலைகுலைந்தபோது ராணுவக் கிடங்குகளை மக்கள் சூறையாடினார்கள். லட்சக்கணக்கான ஆயுதங்கள் வெளியேறின, ஒரு பகுதி கொசோவோவுக்குப் போனது. அன்று யாரும் போல்ட் சுழல்கிறதா, சாய்கிறதா என்று பார்க்கவில்லை. பூட்டு உடைந்திருந்தது, எடுத்துப் போனார்கள்.

கடைசல்காரன்:
கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்த துப்பாக்கி, எடுத்துப் போனவன் கையில் சுட்டதல்லவா? அதை எந்த அரசின் கணக்கில் எழுதுவீர்கள்?