ஒத்தை எழுத்துக்கு மூணு மாசம் அலைஞ்சேன். சின்ன கலைக்குழு நடத்துறவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கட்டியங்காரன்:
எங்க கூத்துக்குழு தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துல பதிஞ்சது, 1975 சட்டம், ஏழு பேர் கையெழுத்து, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் அதை விடுங்க. பசங்களுக்கு அடவு சொல்லிக்குடுக்க ஒரு மானியத்துக்குப் போட்டோம். தொண்டு அமைப்புகளுக்கு மத்திய அரசு குடுக்கிற தர்பன் நம்பர், மூணு வருஷ ஆடிட் கணக்கு, குழுவோட வருமானத்துக்கு வரிவிலக்குக்கான 12ஏ, நன்கொடை குடுக்கிறவங்களுக்கு வரிவிலக்குக்கான 80ஜி எல்லாம் கையில இருக்கு. அந்த ஆபீஸ் மேடம் பதிவுச் சான்றிதழையும் பேன் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க, பாத்துட்டு சிவப்புப் பேனா எடுத்து எங்க பேர்ல ஒரே ஒரு எழுத்தைச் சுத்தி வட்டம் போட்டாங்க. 'கலைக்குழு'வை இங்கிலீஷ்ல எழுதுனதுல சான்றிதழ்ல கே ரெண்டு, பேன்ல கே ஒண்ணு. "இது ரெண்டும் வேற வேற அமைப்புங்க"ன்னாங்க. நான் ஒற்று மிகும் மேடம், அதான் ரெண்டு கே, பேன் போட்டுக்குடுத்தவர் ஒண்ணை விட்டுட்டாருன்னு இலக்கணம் சொல்லிட்டு நிக்கிறேன், பின்னாடி நிக்கிறவங்க தள்ளுறாங்க. அந்த வட்டம் ஜெராக்ஸ் மேல இல்லீங்க, ஒரிஜினல் மேல. எங்க தாத்தா காலத்துல வாங்கின சான்றிதழ். இன்னிக்கும் பீரோவைத் திறந்தா அந்தச் சிவப்புதான் முதல்ல கண்ணுல படுது.

மத்தளம்வீடு:
எங்களுக்குப் பிரச்சினை பேங்க்ல. தலைவரா இருந்த எங்க வாத்தியார் இறந்தப்புறம் தலைவர் மாத்தணும்ல, பொதுக்குழு கூட்டி தீர்மானம் எழுதி, பதிவாளர் ஆபீஸ்ல நிர்வாகி மாத்தினதுக்கான படிவம் 7 குடுத்து, சான்றிட்ட நகல் வாங்கிட்டுப் போய் நின்னா புதுத் தலைவருக்கு கேஒய்சி, அதான் அடையாளம் சரிபார்க்கிறது, கைரேகை வைக்கணும்னாங்க. புதுத் தலைவர் எங்க சித்தப்பா, நாப்பது வருஷமா மத்தளம் வாசிக்கிறவர். வலது கை அஞ்சு விரலும் வச்சாச்சு, இடது கையும் வச்சாச்சு, தண்ணி தொட்டு, வேட்டியில தொடச்சு, எண்ணெய் கூட தடவிப் பாத்தாச்சு, மெஷின்ல சிவப்பு லைட்டுதான். அந்தத் தம்பி "ஐயா, கையில ரேகையே இல்லீங்களே"ன்னான். கெட்ட எண்ணத்துல சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னான். ஆனா சித்தப்பா கையைச் சட்டுனு இழுத்து துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டார். ராத்திரி பத்து மணியில இருந்து விடியற வரைக்கும் ஒரு ஊரையே உக்கார வைக்கிற கைங்க அது. அவர் அதை மறைச்சு நான் பாத்ததே இல்ல. கணக்குல இருந்த பணமும் அப்படியே நின்னுபோச்சு, நிகழ்ச்சிக்கு வந்தவங்களுக்கு என் கைக்காசுலதான் கூலி குடுத்தோம்.

கணக்குவாத்தி:
கட்டியங்காரன் சார், தப்பா எடுத்துக்காதீங்க, அந்த மேடம் மேல தப்பில்ல. அவங்க விட்டிருந்தா அடுத்து மேல ஆடிட்ல உங்க ஃபைல்தான் திரும்பி வரும். என் அனுபவம் சின்னது: நன்கொடை குடுத்தவங்க பேரு, பேன் இல்ல ஆதார் நம்பரோட வருமான வரிக்குப் போடுற 10பிடி படிவம் முதல் தடவை வந்தப்ப, 2022 மே 31 கடைசி நாள், எனக்குத் தெரியவே தெரியாது, 41 நாள் கழிச்சுப் போட்டேன், நாளுக்கு 200 ரூபா, 8,200 கட்டினோம். ரெண்டு ஜோடி புஜக்கட்டையும் கிரீடமும் செய்யலாம்னு வச்சிருந்த காசு.
அதுல இருந்து நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். பேர் மாறியிருந்தா சங்கப் பதிவுல கை வைக்காதீங்க, அதுக்குத் தனித் தீர்மானம், மறுபடி அலைச்சல், பேன் கார்டுல திருத்தம் போடுங்க, அது சுலபம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணி நோட்டு முதல் பக்கத்துல எழுதி வைங்க, ழ-வுக்கு இசட் ஹெச் போடணுமா, எல் போடணுமாங்கிறது உட்பட. சீல், லெட்டர்பேட், ரசீது, பேங்க் எல்லாத்துலயும் அதையே பாத்து எழுதணும், ஞாபகத்துல எழுதக் கூடாது. 80ஜி தற்காலிகமா கிடைச்சிருந்தா 3 வருஷம்தான், முடியறதுக்கு 6 மாசம் முன்னாடியே அடுத்ததுக்குப் போட்டுடணும். ரொக்கமா 2,000-க்கு மேல வாங்கினா குடுத்தவருக்கு வரிவிலக்கு கிடையாது, முன்னாடியே சொல்லிடுங்க. மத்திய அரசு மானியம் வாங்கினா, பணத்தை எதுக்குச் செலவு பண்ணோம்னு காட்டுற பயன்பாட்டுச் சான்றிதழ் குடுக்கணும், அதுக்கான படிவம் ஜிஎஃப்ஆர் 12-ஏ, செலவு பண்ற அன்னைக்கே வவுச்சர் எழுதுங்க, மார்ச் மாசம் உக்காந்து தேடாதீங்க. கையெழுத்துப் போடத் தெரியாத கலைஞர்னா கட்டை விரல் ரேகையும் சாட்சி கையெழுத்தும். இவ்வளவையும் ஒழுங்கா வச்சா யாரும் வட்டம் போட மாட்டாங்க.

தோல்பாவை:
கணக்குவாத்தி, நீங்க சொல்றது எல்லாம் சரி, ஆனா இதையெல்லாம் செய்யறது யாரு? எங்க குழுவுல நாலு பேர். பாவைக்கு தோல் பதப்படுத்துறதும் நான், திரை கட்டுறதும் நான், போர்ட்டல்ல ஓடிபி வர்றதுக்குக் காத்திருக்கிறதும் நான். போன ஆடில ஆட்டம் முடிஞ்சதும் ஒரு ஆத்தா முந்தானை முடிச்சை அவுத்து 500 ரூபா நீட்டுச்சு. நானும் பழக்கதோஷத்துல ரசீது புக்கை எடுத்து "ஆதார் நம்பர் இருக்கா ஆத்தா"ன்னு கேட்டுட்டேன். அந்தக் கை அப்படியே நின்னுபோச்சு. "ராமரு கதை கேட்டதுக்கு எதுக்கு சாமி ஆதாரு?"ன்னுச்சு. வரிவிலக்கே வேணாம்னா நம்பர் தேவையில்லைன்னு அப்ப எனக்குத் தோணல. பணத்தைக் குடுத்துட்டுதான் போச்சு, ஆனா பயந்துக்கிட்டே குடுத்துச்சு. அந்த ஊருக்கு அப்புறம் நாங்க போகல. அந்த முகத்தை நினைச்சா இப்பவும் தூக்கம் வராது.

கட்டியங்காரன்:
பேன் திருத்தம்தான் போட்டேன் வாத்தி, கார்டு வந்து தர்பன்லயும் மாத்துறதுக்குள்ள மானியத் தேதி முடிஞ்சுபோச்சு. சரி அதை விடுங்க. மத்தளம்வீடு, சித்தப்பாவுக்கு அப்புறம் என்னாச்சு?

மத்தளம்வீடு:
மூணாவது தடவை போனப்ப வேற மேனேஜர், அவர் கண்ணை வச்சு எடுக்கிற மெஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்பினார், ஒரே தடவையில விழுந்துடுச்சு. முதல் செக்ல மத்தளத்துக்குத் தோல் மாத்தினோம். ஆனா இப்பவும் எங்கயாவது மெஷினைப் பாத்தா சித்தப்பா கையைத் துண்டுக்குள்ள விட்டுக்கிறார்.