சோளச் செடிகள் அடியோடு சாய்கின்றன: வேர்ப்புழு வண்டா?

கேள்வி (ஹப்புத்தளைப் பக்கம்):
வணக்கம். லயத்துக்குப் பின்னால் உள்ள கால் ஏக்கர் மேட்டுக்காணியில் பெரும்போகத்துக்குச் சோளம் போட்டிருக்கிறேன். முழங்கால் உயரம் வந்த செடிகள் சில, காற்றில்லாத நாளிலும் வாடிச் சாய்கின்றன. பிடித்து இழுத்தால் வேரறுந்து கையோடு வந்துவிடுகின்றன. இலைகளின் மேல் செம்மஞ்சள் நிறச் சிறு வண்டுகளையும் காண்கிறேன். யூடியூபில் பார்த்த சோள வேர்ப்புழு வண்டின் வேலையும் இப்படித்தான் இருந்தது. மருந்துக் கடையில் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் (வெளிமடை):
தம்பி, மருந்தை இப்போது வாங்க வேண்டாம். யூடியூபில் நீங்கள் பார்த்த வேர்ப்புழு வண்டு அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1992இல் சேர்பியாவின் பெல்கிரேட் நகருக்கு அருகே கண்டறியப்பட்டு, பின் ஐரோப்பாவில் பரவியது. இலங்கைக்குரிய பூச்சி அல்ல. அதன் மஞ்சள் முதுகில் மூன்று கரும்பட்டைகள் இருக்கும். நீங்கள் கண்ட வண்டில் பட்டைகள் உண்டா? பக்கத்தில் பூசணிக் கொடி உண்டா?

வண்டை விட வேரடி மண்தான் உண்மையைச் சொல்லும். சாய்ந்த செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கட்டிகளை உடைத்துப் பாருங்கள். வேர்ப்புழு நூல்போல் மெலிந்து, அரை அங்குலமளவில், தலையும் வால்நுனியும் பழுப்பாக இருக்கும்.

கேட்டவர்:
ஐயா, இன்று காலை ஆறு செடிகளின் அடியில் பார்த்தேன். ஒன்பது புழுக்கள் கிடைத்தன; சுண்டுவிரல் பருமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு, பழுப்புத் தலையும் முன்பக்கத்தில் ஆறு கால்களுமாக இருக்கின்றன. வண்டில் பட்டை இல்லை. வேலியில் பூசணி படர்ந்திருக்கிறது. நடுமுன் சரியாக மக்காத மாட்டெரு போட்டேன்.

பதில் (வெளிமடை):
அப்படியானால் அவை வெள்ளைக் குண்டுப்புழுக்கள். வேரைத் தின்பவை அவைதான். மக்காத எருவைத் தேடித் தாய் வண்டுகள் முட்டையிட வரும் என்பதால், இனி நன்றாக மக்கிய எருவை மட்டும் போடுங்கள். செம்மஞ்சள் வண்டு பெரும்பாலும் பூசணி வண்டாக இருக்கும். அது வேர்ப்புழு வண்டின் உறவுதான், ஆனால் அதன் புழு தின்பது பூசணி இனத்தின் வேர்களை.

கால் ஏக்கர்தானே, சாய்ந்த செடிகளைப் பிடுங்கி, அடியிலுள்ள புழுக்களைக் கையாலேயே பொறுக்கிச் சவர்க்கார நீரில் போட்டுவிடுங்கள். அறுவடைக்குப் பின் ஆழக் கொத்தி மண்ணைப் புரட்டிவிட்டால் மைனாவும் கொக்கும் மீதியைப் பொறுக்கிக்கொள்ளும். மழை தொடங்கும் மாலைகளில் விளக்கின் கீழ் சவர்க்கார நீர்த் தட்டு வைத்தால் தாய் வண்டுகள் விழும். குருத்திலைகளையும் விரித்துப் பாருங்கள்; மரத்தூள் போன்ற எச்சம் இருந்தால் அது சேனாப் படைப்புழு, அதற்கு வழி வேறு. சாய்வது நிற்காவிட்டால், நாலைந்து புழுக்களை மண்ணோடு போத்தலில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்; மருந்து தேவையா என்பதை அவரே சொல்லட்டும்.