பெயருக்கு டிரஸ்டியாக இருந்த ஆறு வருடம்

நெருங்கிய நண்பர் தன் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு டிரஸ்ட் எழுதி வைத்தார். அவருடைய தம்பியும் நானும் டிரஸ்டிகள், அதாவது அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். "நீ பெயருக்கு இரு, எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான்" என்றார். பத்திரத்தை முழுதாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் காலமான பிறகும் அப்படியேதான். தம்பி நீட்டிய காகிதங்களில் எல்லாம் கையெழுத்து. தொகை எழுதாத காசோலைகளிலும்கூட.

மூத்த பெண்ணுக்கு 18 வயது முடிந்ததும் கணக்குக் கேட்டாள். பயனாளி, அதாவது யாருக்காக டிரஸ்ட் இருக்கிறதோ அவர், கேட்டால் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும். எங்களிடம் கணக்கே இல்லை. வங்கி அறிக்கைகளை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். தம்பி தன் தொழிலுக்காக மூன்று முறை பணம் எடுத்திருந்தார். இரண்டு முறை எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிட்டார். மூன்றாவது வரவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, கைமாற்று என்றே நினைத்திருக்கிறார். ஆனால் டிரஸ்ட் பணத்தைத் தன் தொழிலுக்கு எடுத்தாலே கடமை மீறல்தான், திருப்பிக் கொடுத்தாலும் சரி.

"நான் எதையும் தொடவில்லையே" என்றேன் வழக்கறிஞரிடம். "தொடவில்லை, பார்க்கவும் இல்லையே" என்றார். 1886இல் இங்கிலாந்தில் நடந்த பாஹின் எதிர் ஹியூஸ் வழக்கைச் சொன்னார். அதிலும் ஒரு டிரஸ்டிதான் எல்லாவற்றையும் நடத்தினார், முதலீட்டில் பணம் போனது. சும்மா இருந்தவர்கள் நஷ்டத்தை அவர் தலையில் போடப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பி வராத தொகையில் பாதியை நான் கட்டினேன். அதற்குள் அந்தப் பெண் கல்லூரியில் சேர்வது ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மறுமொழி:

என் அனுபவம் வேறு. டிரஸ்டுக்குச் சொந்தமான வீட்டை விற்க வேண்டியிருந்தது. சந்தை விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன் என்று நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, நியாயமான விலை கொடுத்தாலும் பயனாளி அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம் என்று தடுத்தார்கள். 1726இலேயே கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட் வழக்கில் இதே கண்டிப்பு இருக்கிறது. ஒரு சிறுவனுக்காக டிரஸ்டி வைத்திருந்த குத்தகையைச் சிறுவன் பெயரில் புதுப்பிக்க நில உரிமையாளர் மறுத்தார். டிரஸ்டி தன் பெயரில் எடுத்துக்கொண்டார். குத்தகையையும் வந்த லாபத்தையும் சிறுவனுக்கே கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சிறுவனால் கேள்வி கேட்க முடியாது, அவனுக்காகச் சட்டம்தான் கேட்க வேண்டும்.

மறுமொழி:

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. விலகிவிடலாம் என்று தோன்றவில்லையா?

மறுமொழி:

தோன்றியது. விலகினாலும் அதுவரை நடந்ததற்கான பொறுப்பு போகாது என்று தெரிந்ததும் இருந்துவிட்டேன். தம்பிதான் விலகினார், பத்திரத்தில் சொன்ன முறைப்படி வேறொருவரை நியமித்து, வங்கிக் கணக்கையும் மாற்றினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். முடிவுகளை ஒரு நோட்டில் காரணத்தோடு எழுதி வைக்கிறோம். சின்னவனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவன் கேட்பதற்கு முன்பே கணக்கைக் கொடுத்துவிட வேண்டும்.